கரி பிடித்த பிளக்



பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று சாலையோரத்தில் நின்றுவிட்டால் அதன் உடைமையாளர் முதலில் என்ன செய்கிறார் என்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஸ்பானரை எடுத்துப் பிளக்கைக் கழற்றுவார். அதன் கறுத்த முனையைக் கண்டு தலையை ஆட்டுவார். உப்புத்தாளால் தேய்ப்பார், திரும்ப மாட்டி உதைப்பார். வண்டி புறப்பட்டுவிடும். சில மைல் தொலைவில் மீண்டும் நின்றுவிடும். குற்றம் முழுவதும் பிளக்கினுடையதே என்று தீர்ப்பளித்து, அவர் புதிய பிளக் ஒன்றை வாங்கி மாட்டுவார்.

நானும் ஈராண்டுக் காலம் இவ்வாறே செய்துவந்தேன். அக்காலத்தில் மேல்நிலை வகுப்புக்கு வேதியியல் கற்பித்துக்கொண்டிருந்தவன் நான் என்பதைச் சற்று நாணத்துடனேயே சொல்லிக்கொள்கிறேன்.

என்னுடையது 350 சி.சி. புல்லட். இங்கிலாந்தில் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் சென்னையிலிருந்த மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் 1955-இல் கூட்டுச் சேர்ந்து, திருவொற்றியூரில் செய்யத் தொடங்கிய வண்டி அது. சிலிண்டரின் உள்விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். தாய்நாட்டில் அக்கம்பெனி மூடப்பட்ட பிறகும், வார்ப்பிரும்புச் சிலிண்டர் கொண்ட அவ்வெஞ்சின் நம் நாட்டில் பல்லாண்டுகள் உருவாகி வந்தது. இன்று அதனைப் பேணுவோர் பலர். நான் அதனை ஆர்வத்தால் வாங்கவில்லை. 1985-இல் வேறு வண்டி வாங்கப் பணமில்லாமையால், பழையதாக வாங்கினேன்.

1987-ஆம் ஆண்டு, மேல்நிலை இரண்டாம் ஆண்டுச் செய்முறைத் தேர்வுக்குப் புறத்தேர்வாளனாக மணப்பாறையிலிருந்து துவரங்குறிச்சிப் பக்கத்திலிருந்த ஒரு பள்ளிக்குச் செல்ல வேண்டியிருந்தது. காலை ஒன்பதரை மணிக்குத் தேர்வு. சட்டைப் பையில் காகிதத்தில் சுற்றிய மூன்று பிளக்குகள் இருந்தன. முன்யோசனை உள்ளவன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டு புறப்பட்டேன். பாதி வழி செல்வதற்குள் மூன்றும் தீர்ந்துவிட்டன.

வண்டியைத் தள்ளிக்கொண்டு சென்றபோது, கிணற்று மோட்டார்களையும் எண்ணெய் எஞ்சின்களையும் பழுதுபார்க்கும் கொட்டகை ஒன்று எதிர்ப்பட்டது. அங்கிருந்த பெரியவர் என் கையிலிருந்த கறுத்த பிளக்குகளை வாங்கித் திண்ணையில் வரிசையாக வைத்தார். நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “மூணு பிளக்கு மாத்தியிருக்கீங்க சார். கரி எங்கேருந்து வருதுன்னு பார்த்தீங்களா?” என்று கேட்டார்.

அவர் கேட்ட கேள்வியின் பொருளை விளக்க, பிளக்கின் இயல்பைச் சிறிது சொல்ல வேண்டும். பாடநூல்கள் இதனைப் பொறிச்செருகி என்கின்றன. நல்ல பெயர்தான், ஆயினும் அப்பெயரைச் சொல்லிக் கடையில் கேட்டால் கிடைக்காது. எரிவாயு எஞ்சினில் மின்பொறியால் தீ மூட்டும் முறையை 1860-இல் லெனுவார் கையாண்டார். 1902-இல் ராபர்ட் போஷின் பட்டறையில் பணியாற்றிய கோட்லோப் ஹோனோல்டு, உயரழுத்த மேக்னெட்டோவையும் அதற்கேற்ற பிளக்கையும் அமைத்தார். நடுவில் ஒரு மின்முனை. அதனைச் சுற்றி வெண்ணிறப் பீங்கான் போன்ற காப்புறை. வெளியே திருகு மரையுள்ள எஃகு உடல். அவ்வுடலிலிருந்து வளைந்து நிற்கும் மற்றொரு மின்முனை. இரு முனைகளுக்கும் இடையே ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் இடைவெளி. என் புல்லட்டிலிருந்த ஆறு வோல்ட் மின்கலத்தின் அழுத்தத்தைச் சுருளானது பத்தாயிரம் வோல்ட்டுக்கும் மேலாக உயர்த்தி அனுப்பும். அவ்வழுத்தம் இடைவெளியைத் தாவும்போது பொறி பிறக்கும். எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுற்றுகையில், நொடிக்கு 25 பொறிகள் தேவை.

கரி மின்சாரத்தைக் கடத்தும். இந்த ஓர் உண்மையில் முழுச் சங்கடமும் அடங்கியிருக்கிறது. காப்புறையின் மீது கரி படிந்துவிட்டால், மின்சாரம் இடைவெளியைத் தாவும் வருத்தத்தை ஏற்காமல், கரியின் வழியே நழுவி எஃகு உடலை அடைந்துவிடும். அழுத்தம் உயர்வதற்குள் கசிந்துவிடுவதால் பொறி எழுவதில்லை. ஓட்டைக் குடத்தில் நீர் இறைப்பது போன்ற கதை. இதில் ஒரு வஞ்சனையும் உண்டு. கழற்றிய பிளக்கைச் சிலிண்டர் தலையில் வைத்து உதைத்துப் பார்த்தால் சில வேளை பொறி தெரியும். உள்ளே மாட்டினால் தெரியாது. ஏனெனில், சிலிண்டரினுள் வாயு நெருக்கப்பட்டிருக்கும்போது அதே இடைவெளியைத் தாவ மிகுதியான மின்னழுத்தம் வேண்டும். வெளியில் பொறி வந்ததைக் கண்டு, பிளக் நல்லதே என்று முடிவு கட்டியவர்கள் பலர். (இச்சோதனையின்போது அருகில் பெட்ரோல் சிந்தியிருக்கலாகாது, உலோகப் பகுதியை வெறுங்கையால் தொடவும் கூடாது.)

பிளக்குக்குத் தன்னைத்தானே தூய்மை செய்துகொள்ளும் ஆற்றல் உண்டு. காப்புறையின் நுனி ஏறத்தாழ 450 அல்லது 500 பாகை செல்சியசைத் தாண்டிவிட்டால், படிந்த கரி எரிந்துபோகும். 850, 900 பாகையை மீறினாலோ, பொறிக்குக் காத்திராமல் நுனியே கலவையைக் கொளுத்திவிடும். அது பிஸ்டனுக்கே கேடு. இவ்விரு எல்லைகளுக்கு நடுவில் நுனியை நிறுத்துவதற்காகவே, காப்புறை நுனி நீண்ட ‘சூடான’ பிளக்குகளும் குட்டையான ‘குளிர்ந்த’ பிளக்குகளும் செய்கிறார்கள். நீண்ட நுனி வெப்பத்தை மெதுவாக வெளியேற்றுவதால் சூடாக இருக்கும். கடைவீதியில் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஊர்ந்தே செல்லும் வண்டியில் எந்தப் பிளக்கும் போதிய சூடு பெறுவதில்லை. அதற்காகச் சூடான பிளக்கை மாட்டி நோயை மறைப்பது எனக்கு உடன்பாடன்று. வண்டிக்கு விதிக்கப்பட்ட பிளக்கையே மாட்டி, அது ஏன் கறுக்கிறது என்று தேட வேண்டும்.

கறுப்பிலும் வகை உண்டு. விரலால் தொட்டால் மசிபோல ஒட்டும் உலர்ந்த கரி, பெட்ரோல் மிகுந்தும் காற்றுக் குறைந்தும் இருப்பதைக் காட்டும். பளபளவென்று ஈரமாய் எண்ணெய் கசியும் கறுப்பாயின், பிஸ்டன் வளையங்களோ வால்வு வழிகளோ தேய்ந்து, எண்ணெய் மேலேறுகிறது. அங்கே பிளக்கைத் தேய்த்துப் பயனில்லை, செலவுக்கு ஆயத்தமாக வேண்டியதுதான். மைசூரில் ஐடியல் ஜாவா நிறுவனம் 1961 முதல் செய்த ஜாவா, பின்னர் வந்த யெஸ்டி போன்ற இரண்டு வீச்சு வண்டிகளில் எண்ணெயைப் பெட்ரோலிலேயே கலக்கிறோம். எஞ்சினின் மீதுள்ள அன்பால் ஒரு கை கூடுதலாக ஊற்றுவோர் பிளக்கை எண்ணெயில் குளிப்பாட்டுகிறார்கள். பெட்ரோல் மணத்துடன் நனைந்து மட்டும் இருந்தால், பொறியே எழவில்லை என்று கொண்டு, பிளாட்டினம் என்று நாம் அழைக்கும் தொடர்பு முனைகளையும் கண்டென்சரையும் பார்க்க வேண்டும்.

நலமான பிளக்கின் நுனி இளம் பழுப்பாக இருக்கும் என்று பழைய கையேடுகள் எழுதும். அவை ஈயம் கலந்த பெட்ரோல் இருந்த காலத்தில் எழுதப்பட்டவை. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நம் நாடெங்கும் ஈயமற்ற பெட்ரோலே விற்கப்படுவதால், இக்கால நுனிகளில் நிறம் வெளிறியே காணும். இதையறியாமல், கையேட்டுப் பழுப்பைத் தேடிக் கார்புரேட்டரில் பெட்ரோலைக் கூட்டி, தாமே கரியை வரவழைத்துக்கொண்ட அன்பர்களும் எனக்குத் தெரிந்தவர்களே.

தூய்மை செய்வதைப் பற்றியும் இரண்டு சொல். கம்பித் தூரிகை ஆகாது. அது காப்புறையின் மீது உலோகக் கீற்றுகளை விட்டுச்செல்லும், அவையும் மின்சாரத்தைக் கடத்தும். உப்புத்தாளின் மணல் உள்ளே தங்கினால் பின்னர் சிலிண்டரில் விழும். பெட்ரோலில் நனைத்த நார்த் தூரிகையால் தேய்த்து, நன்கு உலர்த்தி, இடைவெளியை அளவுத் தகட்டால் சரிபார்த்து, முதற்சுற்றுகளை விரலாலேயே திருக வேண்டும். புல்லட்டின் சிலிண்டர் தலை அலுமினியத்தால் ஆனது. மரை கெட்டுவிட்டால் பிளக்கின் விலையோடு கதை முடியாது.

திண்ணைக்குத் திரும்புவோம். என் பிளக்குகள் மூன்றிலும் உலர்ந்த மசியே இருந்தது. பெரியவர் கார்புரேட்டரைத் தொடவில்லை. காற்று வடிகட்டியின் மூடியைத் திறந்து, உள்ளிருந்ததை எடுத்துத் தரையில் தட்டினார். ஈராண்டுக் காலச் செம்மண் ஒரு கைப்பிடிக்குக் குறையாமல் கொட்டியது. நான் அதனை ஒரு நாளும் திறந்ததில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 9000 லிட்டர் காற்று வேண்டும். அக்கணக்கை வகுப்பில் கரும்பலகையில் போட்டுக் காட்டியவன் நான். என் வண்டி மூச்சுத் திணறியதை அறியாதவனும் நானே. அவர் பிளக் ஒன்றைத் துடைத்து மாட்டினார். முதல் உதையிலேயே எஞ்சின் பேசியது. கூலி வாங்க மறுத்துவிட்டார். “புள்ளைங்க காத்திருக்கும், போங்க சார்” என்றார்.

பள்ளியை அடைந்தபோது மணி பதினொன்றே முக்கால். நாற்பது மாணவர்கள் வராந்தாவில் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள். காலைச் சிற்றுண்டி உண்ணாமல் வந்திருந்த மாணவன் ஒருவன் மயங்கி விழுந்து, அப்போதுதான் தெளிந்து உட்கார்ந்திருந்தான். அகத்தேர்வாளர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. என் கரிபடிந்த கைகளைப் பார்த்துவிட்டு, குழாயடியைக் காட்டினார்.

தேர்வு தொடங்கியது. மூன்றாம் மேசையில் ஒரு மாணவி புன்சன் விளக்கைக் கொளுத்தினாள். சுடர் மஞ்சளாய் ஆடியது. அவள் பிடித்த சோதனைக் குழாயின் அடியில் கரி படர்ந்தது. அவள் குழாயை உடனே துடைக்கவில்லை. முதலில் குனிந்து, விளக்கின் அடியிலிருந்த காற்றுத் துளையைத் திறந்தாள். சுடர் நீலமாகி நேரே நின்றது. அதன் பிறகுதான் துணியை எடுத்துக் குழாயைத் துடைத்தாள். வாய்மொழித் தேர்வில் அவளிடம் கேட்பதற்காக நான் எழுதி வைத்திருந்த முதல் கேள்வி, முற்றுப்பெறாத எரிதலைப் பற்றியது. அதனை அடித்துவிட்டு, வேறொன்று கேட்டேன்.