முதலில் யார் பெயர் சொல்வது?



மயிலாப்பூர் கச்சேரி சாலைக்குப் பெயர் தந்தது பாட்டுக் கச்சேரி அல்ல, அரசு அலுவலகத்தைக் குறித்த பழைய ‘கச்சேரி’. மயிலாப்பூர் காவல் நிலையம் இருப்பதும் அங்கேதான். இரவு நேர வாகனச் சோதனையில் சிக்கிய இளைஞர்களுக்கு இந்த வரிசை மனப்பாடம்: “வண்டிய ஓரங்கட்டு. பேரு என்ன? எங்க போற? ஆதார் இருக்கா?”

இவற்றில் எதற்குப் பதில் சொல்லச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது?

வண்டி ஓட்டுபவர் உரிமத்தைக் காட்டியாக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 130-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் கேட்பவர் சீருடையில் இருக்கும் காவலராக இருக்க வேண்டும் என்பதும் அதே பிரிவில் உண்டு. பாண்டி பஜாரில் கடை பார்த்துக்கொண்டு நடப்பவருக்கோ இந்தக் கடமையே இல்லை. குடிமக்கள் அடையாள அட்டையோடுதான் நடமாட வேண்டும் என்ற பொதுச் சட்டம் இந்தியாவில் கிடையாது.

பெயர் சொல்ல மறுத்ததற்காகக் கைது செய்ய முடியுமா? முடியும், ஆனால் வாசல் குறுகலானது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 39-ஆம் பிரிவு இதைப் பேசுகிறது. பிடியாணையின்றிக் கைது செய்ய இடமில்லாத ஒரு குற்றத்தைக் காவலர் கண்ணெதிரே ஒருவர் செய்திருக்க வேண்டும், அல்லது அப்படிச் செய்ததாக அவர் மீது குற்றச்சாட்டு எழுந்திருக்க வேண்டும். அவர் பெயரையும் முகவரியையும் சொல்ல மறுத்தாலோ, சொன்னது பொய் என்று நம்பக் காரணம் இருந்தாலோ, அவற்றை உறுதிசெய்துகொள்வதற்காக மட்டும் கைது செய்யலாம். உறுதியானதும் பிணைப்பத்திரம் பெற்று விட்டுவிட வேண்டும். 24 மணி நேரத்தில் உறுதியாகாவிட்டால் நீதித்துறை நடுவரிடம் அனுப்ப வேண்டும். “முறைச்சுப் பார்த்தான்” என்பது இந்தப் பிரிவில் இல்லை.

காவலருக்கான கடமை இதைவிட விரிவானது. 1986-இல் மேற்கு வங்கத்திலிருந்து, சட்ட உதவி அமைப்பு ஒன்றின் தலைவரான டி.கே. பாசு காவல் மரணங்கள் குறித்து எழுதிய ஒரு கடிதத்தை உச்ச நீதிமன்றம் மனுவாக ஏற்றது. 1996 டிசம்பர் 18-இல் வந்த தீர்ப்பு 11 கட்டளைகளை இட்டது. கைது செய்பவரின் பெயரும் பதவியும் தெளிவாகத் தெரியும்படி இருக்க வேண்டும் என்பதே முதல் கட்டளை. பெயர் அடையாளம், சாட்சி ஒப்பமிட்ட கைதுக் குறிப்பாணை, உறவினருக்குத் தகவல் சொல்லும் உரிமை ஆகியவை இன்று அதே சுரக்ஷா சன்ஹிதாவின் 36-ஆம் பிரிவில் சட்டமாகவே நிற்கின்றன. இங்கிலாந்தின் 1984-ஆம் ஆண்டுச் சட்டமோ இன்னும் ஒரு படி முன்னால் போகிறது: தெருவில் ஒருவரைச் சோதனையிடும் முன்பே காவலர் தன் பெயரையும் நிலையத்தையும் சொல்லியாக வேண்டும்.

ஆக, சட்டத்தின் வரிசையில் காவலரின் பெயர் முன்னால் வருகிறது. தெருவில் அது தலைகீழாக இருக்கிறது.

கருவிகள் இந்தச் சாய்வைக் கூட்டியிருக்கின்றன. 2017-இல் தியாகராய நகர்க் காவலர்கள் முகத்தை அடையாளம் காட்டும் கைபேசிச் செயலியைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். முகத்தைப் படம் பிடித்தால் போதும், பெயர் கேட்க வேண்டிய தேவையே குறைந்துவிடுகிறது. 2022-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டம் கைரேகை, கருவிழிப் பதிவு உள்ளிட்ட தகவல்களை 75 ஆண்டுகள் வைத்திருக்க வழி செய்கிறது.

ரேகை என்ற சொல் தமிழ்நாட்டில் வெறும் தொழில்நுட்பச் சொல் அல்ல. குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் ரேகை வைக்க மறுத்த உசிலம்பட்டி வட்டாரத்துப் பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று காவல்துறை சுட்டது. ஒரு சாதி முழுவதையும் பிறப்பாலேயே சந்தேகப் பட்டியலில் வைத்த பதிவேடு அது.

இங்கே கூடியிருக்கும் ஆய்வாளர்கள் தீர்ப்புகளோடு நின்றுவிடக் கூடாது. கைதானவர்களின் பெயர், முகவரி, குற்றச்சாட்டு ஆகியவற்றை ஒவ்வொரு காவல் நிலையமும் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று சுரக்ஷா சன்ஹிதாவின் 37-ஆம் பிரிவு சொல்கிறது. கச்சேரி சாலையிலும் பாண்டி பஜாரிலும் அடையாறிலும் உள்ள நிலையங்களில் அப்படி ஒரு அறிவிப்புப் பலகை இருக்கிறதா, அதில் கடைசியாக எழுதிய தேதி என்ன என்று நேரில் போய்ப் பார்த்து எழுதுங்கள். அடுத்த அமர்வு அந்தக் குறிப்புகளிலிருந்து தொடங்கட்டும்.