பொது மடங்கும் சங்கத்துக் கணக்கும்



சங்கத்தில் பங்கு எடுத்தவர் எவரும் அதன் கணக்கைச் சோதித்தறிய உரிமை உடையவராவர். ஆனால் கணக்கின் முறை தெரியாதவருக்கு அவ்வுரிமையால் பிரயோஜனம் யாது? வெவ்வேறு அளவுகளை ஒரே அளவுக்குக் கொண்டுவந்து ஒப்பிடும் முறை ஒவ்வோர் அங்கத்தினருக்கும் அவசியமானது. அம்முறைக்கு ஆதாரமாக இருப்பது மீச்சிறு பொது மடங்கு. பல எண்களாலும் மீதியின்றி வகுபடும் எண்களுள் மிகச் சிறியதே அது.

1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் கிலோகிராம் வருவதற்கு முன், சென்னையிலும் தென்புறத்துப் பல்லாவரம், தாம்பரம் முதலிய ஊர்களிலும் சரக்குகள் வீசையால் நிறுக்கப்பட்டன. 3 தோலா ஒரு பலம். 40 பலம் ஒரு வீசை. ஆகவே வீசை 120 தோலா. ரயில்வேச் சரக்குக் கணக்கிலோ 80 தோலா கொண்ட சேர் வழங்கிற்று. சென்னைச் சேர் 24 தோலாவே ஆனபடியால், பெயர் ஒன்றாயினும் எடை வேறாயிருந்தது.

அக்காலத்தில் ஒரு கடையில் வெல்லம் வீசை 15 அணா என்றும், மற்றொரு கடையில் 80 தோலாச் சேர் 11 அணா என்றும் விற்றதாகக் கொள்க. பதினொன்று பதினைந்தினும் குறைவென்று சேர்க் கடைக்குச் சென்றவர் ஏமாந்திருப்பார். 80 என்பது 2×2×2×2×5. 120 என்பது 2×2×2×3×5. ஒவ்வொரு பகா எண்ணும் எதில் அதிகத் தடவை வருகிறதோ அத்தனை தடவை அதை எடுத்துப் பெருக்கினால் 2×2×2×2×3×5, அதாவது 240 கிடைக்கும். 240 தோலா இரண்டு வீசையும் ஆகும், மூன்று சேரும் ஆகும். வீசைக் கடையில் அதன் விலை 30 அணா. சேர்க் கடையில் 33 அணா. 80ஐயும் 120ஐயும் நேரே பெருக்கினால் வரும் 9,600உம் பொது மடங்கே. ஆயினும் அது வீண் உழைப்பு.

இக்கணக்குத் தமிழருக்குப் புதிதன்று. கால், அரைக்கால், மாகாணி, மா, காணி என்னும் கீழ்வாய்ப் பின்னங்கள் யாவும் முந்திரியால், அதாவது 320இல் ஒன்றால், மீதியின்றி அளவிடப்படும். கால் 80 முந்திரி, அரைக்கால் 40, மாகாணி 20, மா 16, காணி 4.

தாம்பரம் அடங்கிய செங்கற்பட்டுச் சீமையில் முற்காலத்தில் மிராசு உரிமை பங்குகளாக வகுக்கப்பட்டிருந்தது. ஒரு பங்கில் அரைக்கால், மாகாணி, மா என முறையே உரிமை கொண்ட மூவர், வாய்க்கால் தூர்வாரிய செலவாகிய 95 ரூபாயைத் தம்முள் பகிர வேண்டியதாயிற்று என்று வைத்துக்கொள்க. பின்னங்களின் கீழெண்கள் 8, 16, 20. இவற்றை இரண்டால் வகுக்க 4, 8, 10. மறுபடியும் வகுக்க 2, 4, 5. மூன்றாம் முறை வகுபடுவனவற்றை மட்டும் வகுக்க 1, 2, 5. வகுத்த எண்களையும் எஞ்சியவற்றையும் பெருக்கினால் 2×2×2×1×2×5, அதாவது 80. எனவே அரைக்கால் எண்பதில் 10, மாகாணி 5, மா 4, ஆக 19. 95ஐப் 19ஆல் வகுக்கக் கூறு ஒன்றுக்கு 5 ரூபாய். அரைக்காலுக்கு உரியவர் 50, மாகாணிக்கு உரியவர் 25, மாவுக்கு உரியவர் 20 ரூபாய் கொடுத்தல் நியாயம். சமமாகப் பிரித்திருந்தால் மாவுக்கு உரிய எளியவர் 31 ரூபாய்க்கு மேல் கொடுத்திருப்பார். பெரிய பங்காளியின் பாரத்தைச் சிறியவர் சுமந்திருப்பார்; அதை அவர் அறிந்தும் இருக்கமாட்டார்.

காலக் கணக்குக்கும் இம்முறை உதவும். சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931ஆம் ஆண்டில் மின்சார ரயில் ஓடத் தொடங்கிற்று. 12 நிமிஷத்துக்கு ஒரு ரயிலும் 20 நிமிஷத்துக்கு ஒரு பஸ்ஸும் காலை 6 மணிக்கு ஒன்றாகப் புறப்படுவதாகக் கொண்டால், அவை மறுபடியும் ஒன்றாகப் புறப்படுவது 60 நிமிஷம் கழித்து 7 மணிக்கே. ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். தொடக்கம் ஒன்றாக இருந்தாலன்றி இவ்விடை செல்லாது. முதல் பஸ் 6 மணி 4 நிமிஷத்துக்குப் புறப்பட்டால் இரண்டும் 6 மணி 24 நிமிஷத்தில் கூடும். 6 மணி 2 நிமிஷத்துக்குப் புறப்பட்டால் ஒருபோதும் கூடா. ரயில் நிமிஷங்கள் நான்கின் மடங்காகவே வர, பஸ் நிமிஷங்கள் நான்கால் வகுக்க எப்போதும் இரண்டு மிஞ்சுமாதலின் என்க.

வீசையும் அணாவும் மறைந்தன. ஆயினும் 400 கிராம் பொட்டலத்தையும் 750 கிராம் பொட்டலத்தையும் விலை பார்த்து வாங்கும் இல்லத்தரசிக்கு அதே கேள்வி எழுகிறது. இரண்டையும் 6,000 கிராமுக்குக் கொண்டுவந்தால் 15 பொட்டலத்தின் விலையும் 8 பொட்டலத்தின் விலையும் நேருக்கு நேர் நிற்கும். சங்கத்துப் பண்டக சாலையில் சரக்கு வாங்குவோரும், வருஷக் கூட்டத்தில் லாபப் பங்கைக் கேட்போரும் இக்கணக்கைத் தாமே செய்து பார்ப்பாராக. காரியதரிசியின் சொல்லை நம்புவது நன்று. அதைக் கணக்கிட்டுப் பார்த்து நம்புவது அவருக்கும் சங்கத்துக்கும் இன்னும் நன்று.