இறங்கத் தெரிந்த இறக்கைகள்

கோலசிலாங்கூர் ஆற்று முகத்துவாரத்தில் வட்டமிடும் செம்பருந்தை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். கருடன் என்று பெரியவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்களே, அந்தப் பறவைதான். அது பறப்பதை அண்ணாந்து பார்க்கிறோம். ஆனால் மரக்கிளையில் வந்து அமர்வதைக் கவனித்தவர்கள் குறைவு. கிளை நெருங்கியதும் இறக்கையின் பின்பக்கத்தைக் கீழே வளைக்கிறது. வாலை விசிறிபோல விரிக்கிறது. வேகம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது; ஆனாலும் கீழே விழுவதில்லை. ஆகாய விமானம் செய்தவர்களுக்கு மேலே ஏறுவதைவிட இந்த வித்தையைக் கற்றுக்கொள்வதுதான் பெரும்பாடாக இருந்தது.

காரணம் இதுதான். விமானத்தைத் தாங்குவது இறக்கையின்மேல் பாயும் காற்று. வேகம் குறைந்தால் தாங்கும் சக்தியும் குறையும்; ஓர் அளவுக்குக் கீழே போனால் விமானம் விழுந்துவிடும். சரி, இறக்கையைப் பெரிதாகச் செய்துவிட்டால் என்ன? மெதுவாக இறங்கலாம்தான். ஆனால் அந்தப் பெரிய இறக்கையே பறக்கும்போது காற்றை எதிர்த்து வேகத்தைக் கெடுக்கும். ஆகவே பறக்கும்போது ஒரு வடிவமும் இறங்கும்போது வேறொரு வடிவமும் வேண்டும். அதற்காக இறக்கையின் பின்னோரத்தில் கீல் வைத்துப் பொருத்திய பலகைக்கு 'பிளாப்' என்று பெயர்.

வீட்டில் மேசை விசிறி இருந்தால் பிள்ளைகள் இதைச் சோதித்துப் பார்க்கலாம். கெட்டியான ஓர் அட்டையின் முன்னோரத்தில் அடிக்கோலை ஒட்டி, கோலின் நுனியைப் பிடித்துக்கொண்டு காற்றுக்கு நேராக நீட்டுங்கள். பிறகு அட்டையின் பின்பகுதியைக் கொஞ்சம் கீழ்நோக்கி மடித்து மறுபடியும் நீட்டுங்கள். அட்டை எழும்பப் பார்ப்பதும், கையைப் பின்னால் தள்ளுவதும் தெரியும். ஒன்று தூக்குவிசை, மற்றது தடைவிசை. இறங்குகிற விமானத்துக்கு இரண்டும் உதவும். (விசிறிக்கு வலைக்கூடு இல்லையென்றால் இந்தச் சோதனை வேண்டாம்.)

பழைய சிறு விமானங்கள் சிலவற்றில் இந்தப் பலகையே கிடையாது. மலாயாவில் பலர் பறக்கக் கற்றுக்கொண்ட டைகர் மோத் அப்படிப்பட்டது. உயரம் அதிகமாக இருந்தால், விமானி விமானத்தைப் பக்கவாட்டில் சறுக்கவிட்டுத்தான் கீழே கொண்டுவருவார்.

அடுத்து ஆஸ்டர் என்ற விமானம். 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் இந்நாட்டுக் காடுகளுக்கு மேலே சுற்றித் திரிந்தது இதுதான். தோட்டக் குடும்பங்கள் பழைய லயங்களை விட்டு முள்கம்பி வேலிக்குள் குடிமாற்றப்பட்ட காலம் அது என்பது நம் பாட்டிமாருக்கு நினைவிருக்கும். ஆஸ்டரின் முந்தைய வகைகளில் இறக்கையின் அடித்தகடு மட்டும் பிளந்து கீழே தொங்கும், மேல்தகடு அசையாது. இந்தப் பிளவுப் பலகையை 1920 வாக்கில் கண்டுபிடித்த இருவரில் ஒருவர், முதல் விமானத்தைப் பறக்கவிட்ட அதே ஆர்வில் ரைட். மற்றவர் ஜேக்கப்ஸ். இதனால் தடை மிகுதியாகக் கிடைக்கும், தூக்குவிசை ஓரளவே கூடும். பின்னர் வந்த ஆஸ்டர் ஆறாம் வகையில் வேறு ஏற்பாடு. இறக்கைக்குப் பின்னால், சற்றுக் கீழே, ஒரு சின்ன இறக்கையையே தனியாகத் தொங்கவிட்டார்கள். இரண்டுக்கும் நடுவே உள்ள இடுக்கின் வழியாகக் காற்று பாய்ந்து மேற்பரப்பை ஒட்டி ஓடும். அப்படி ஒட்டி ஓடும்வரை இறக்கை தாங்கும். காற்று பிய்த்துக்கொண்டு போனால் தாங்காது.

இந்த வரிசையில் நாம் மிகவும் மெச்சுவது பயனியர் என்ற விமானத்தைத்தான். ஸ்காட்லாந்தில் செய்தது. அதன் பின்னோரப் பலகை அமெரிக்கரான ஹார்லன் ஃபவுலர் 1924ஆம் ஆண்டில் கண்டுபிடித்த வகை. மேசை இழுப்பறையைப்போல முதலில் அது பின்னோக்கி வெளியே நகரும், பிறகு கீழே சாயும். இதனால் இறக்கையின் வளைவும் கூடுகிறது, பரப்பும் கூடுகிறது. இறங்கும் நேரத்துக்கு மட்டும் பெரிய இறக்கை! முன்னோரத்திலும் நெடுக ஓர் இடுக்குப் பட்டை வைத்திருந்தார்கள். விளைவு என்ன தெரியுமா? மணிக்கு 36 மைல் வேகத்திலும் அது விழாமல் பறந்தது. அது நம் புக்கிட் ரோத்தான் பஸ் போகிற வேகம்தான். தரையில் ஓடி மேலே எழும்ப 75 கஜம், இறங்கி நிற்க 66 கஜம் போதும் என்பது செய்தவர்களின் கணக்கு. நம் தோட்டத்துப் பந்துத் திடலில் இறங்கி நின்ற பின்னும் இடம் மிச்சமிருக்கும்.

இந்தக் கஜக்கணக்கில் உயிர்கள் அடங்கியிருந்தன. பேராக் மாநிலத்து உட்காடுகளில் கெமார், லெகாப் முதலிய இடங்களில் அப்போது காவல் கோட்டைகள் அமைத்தார்கள். சுற்றிலும் ஓராங் அஸ்லி மக்களின் குடியிருப்புகள். சாலை இல்லை, நடந்து போனால் நாட்கணக்காகும். ஹெலிகாப்டர்கள் சிலவே இருந்தன. அவையும் இந்த வெப்பத்தில் அதிகப் பாரம் தூக்கமாட்டா. மலைகளுக்கு இடையே வெட்டிய துண்டு நிலத்தில் பயனியர் இறங்கியது. காவலர்களையும் அரிசியையும் மருந்தையும் கொண்டுபோய், காயம்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு திரும்பியது. விமானியோடு நாலு பேருக்குத்தான் இடம். பிளவுப் பலகை வைத்த விமானம் அந்த இடத்தை மேலே சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

அதன் அண்ணன்தான் இரட்டை எஞ்சின் பூட்டிய டுவின் பயனியர். அதே ஃபவுலர் பலகை. பதினாறு பேர் ஏறலாம். மலாயா விமானப்படை 1958ஆம் ஆண்டில் பிறந்தபோது அதற்குக் கிடைத்த முதல் விமானம் இந்த டுவின் பயனியர். துங்கு அப்துல் ரஹ்மான் அதற்கு 'லாங் ரஜாவாலி' என்று பெயர் சூட்டினார். கழுகினத்துப் பெயர். நம்முடைய ராஜாளி என்ற சொல் காதில் விழுவதுபோலவே இல்லையா?

பலகையை இறக்குவதைவிட அதை மடக்குவதில்தான் ஆபத்து. இறங்க வந்த விமானி, 'இடம் சரியில்லை, மறுபடியும் மேலே போவோம்' என்று நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முழுதும் இறக்கிய பலகை அவரை மேலேறவிடாமல் இழுக்கும். பதறிப்போய் ஒரேயடியாக மடக்கினாலோ தாங்கும் சக்தி திடீரென்று குறைந்து விமானம் தொப்பென்று இறங்கிவிடும். படிப்படியாகத்தான் மடக்க வேண்டும். மலை அடைத்த காட்டுத் தளங்கள் பலவற்றில் அதற்கும் வழியில்லை. தொடங்கினால் இறங்கியே ஆகவேண்டும்.

செஸ்னா 172 என்ற அமெரிக்க விமானத்தில் 1964 வரை இதைக் கைப்பிடி நெம்புகோலால் இழுத்தார்கள்; 1965 முதல் மின்விசை வந்தது. நம்மைக் கேட்டால் நெம்புகோலே நல்லது என்போம். பலகை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பது பார்க்காமலே கைக்குத் தெரியும். அதே விமானத்தில் பலகை 40 டிகிரி வரை சாய்ந்தது. 1981ஆம் ஆண்டு வகையில் அதை 30 டிகிரியாகக் குறைத்துவிட்டார்கள். தடை குறைந்ததால், மேலேறும் சக்தி மிஞ்சியது. நூறு ராத்தல் பாரம் கூடுதலாக ஏற்ற அனுமதி கிடைத்தது.

சென்னைக்குப் போகும் பெரிய விமானங்களிலும் ஃபவுலரின் பலகைதான் இருக்கிறது. இறக்கைக்குப் பின்னே சன்னலோர இருக்கை கிடைத்தால், இறங்குவதற்குச் சற்று முன்பு வெளியே பாருங்கள். பின்னோரம் இழுப்பறைபோல் நீண்டு கீழே சாயும். அப்போது காலடியில் 'கிர்ர்' என்று ஒரு சத்தம் கேட்கும். பக்கத்தில் பாட்டி பயந்தால், பலகையைத் தள்ளுகிற ஓசை அது என்று சொல்லிவிடுங்கள்.