காதால் எழுதுதல்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



புலவர் பெருமக்கள் பேச வேண்டிய மேடையில், பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு இரயில்வேயில் கணக்கு எழுதிவரும் என்னையும் பேசுமாறு செயலாளர் பணித்துவிட்டார். பிழை பொறுத்தருள வேண்டுகிறேன். ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்வதற்காகவே இவ்வாய்ப்பை ஏற்றேன்.

சென்ற ஆண்டு நம் காலனிப் பிள்ளைகளுக்கு ‘மழைக்காலம்’ என்னும் பொருளில் கட்டுரைப் போட்டி நடந்தது. தாள் திருத்தியவர்களுள் நானும் ஒருவன். ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, மழை ‘சறபற’வெனப் பெய்தது என்று எழுதியிருந்தாள். அது மலையாளத்தார் வழங்கும் சொல். சிவப்பு மையால் அடித்து இரண்டு மதிப்பெண் குறைத்தேன். பரிசு பெற்ற கட்டுரையிலோ மழை ‘மிகவும் பலமாக’ப் பெய்தது, அவ்வளவே. அதில் ஓசையே இல்லை.

அன்றிரவு காலஞ்சென்ற என் தந்தையாரின் நினைவு வந்தது. அந்நாளில் ஒலவக்கோடு என வழங்கிய நம் பாலக்காடு சந்திப்பில், வண்டிச் சக்கரங்களைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பது அவர் வேலை. நல்ல சக்கரம் ‘ணங்’கென்று ஒலித்து நீளும், விரிசல் விட்டது ‘டொத்’தென்று அடங்கிவிடும். ஒருமுறை ஒரு பெட்டியைக் கழற்றச் சொன்னார். ‘சத்தம் சரியில்லை’ என ஏட்டில் கண்ட அதிகாரி, “எப்படிச் சரியில்லை?” என்று வினவினார். “‘ணங்’குன்னு கேக்கணுமுங்க, ‘டொத்’துங்குது” என்றார் தந்தையார். பெட்டி கழற்றப்பட்டது. அவ்விரு சொற்களையும் அவர் எந்த ஏட்டிலும் படித்தவர் அல்லர்.

இத்தகைய ஒலிக்குறிப்புச் சொற்களைத் தொல்காப்பியரும் மறந்தாரில்லை. இரட்டைக்கிளவி இரட்டித்தே நிற்கும், பிரித்தால் பொருள் தராது என்று சொல்லதிகாரத்தில் வகுத்துள்ளார். ‘பாம்பு பாம்பு’ என்பதைப் பிரிக்கலாம். ‘சலசல’வைப் பிரித்தால் எஞ்சுவது ஒன்றுமில்லை. இது பள்ளியில் யாவரும் படித்ததே. நான் வியப்பது வேறு. ஓடை சலசலக்கிறது, வீண்பேச்சு சளசளக்கிறது, முறியும் கிளை சடசடக்கிறது. இடையினம் நின்ற இடத்தில் வல்லினம் ஒன்று வந்து அமர்ந்ததும் நீர் போய் மரம் வந்துவிட்டது!

பனங்காட்டு நரி சலசலப்புக்கு அஞ்சாது என்பர். ஆயினும் மார்கழி, தை மாதங்களில் கணவாய் வழியே கீழ்க்காற்று வீசும்போது, எங்கள் குடியிருப்பின் பின்புறத்துக் கரும்பனை சலசலப்பதாக எனக்குத் தோன்றவில்லை. காய்ந்த ஓலைகள் ஒன்றோடொன்று மோதிப் படபடவென அடித்துக்கொள்கின்றன. பழமொழி செய்தவர் கேட்டது இளங்காற்றுப் போலும்.

நம் பிள்ளைகள் இன்றும் இரயிலைக் ‘குப்குப்’ என்றே எழுதுகின்றனர். நீராவி எஞ்சின்களின் அன்றாட ஓட்டம் 1990களிலேயே முடிந்தது. பதின்மூன்று மீட்டருக்கு ஒருமுறை தண்டவாள இணைப்பில் எழுந்த ‘தடக் தடக்’ ஓசையும், தண்டவாளங்களை நீளமாகப் பற்றவைத்த பின் பெரும்பாலும் மறைந்தது. பிள்ளைகள் எழுதுவது நாம் சொல்லிக் கொடுத்த ஓசை. அவர்கள் கேட்ட ஓசையன்று.

அச்சிறுமி கேட்டாள், கேட்டதை எழுதினாள். சொல் அயலாருடையதாயினும் செவி அவளுடையது. இதை உணர எனக்குப் பத்து நாள் ஆயிற்று. அவள் வீட்டிற்குச் சென்று, பெற்றோர் முன்னிலையில் என் தவற்றைச் சொன்னேன்.

“அப்ப மழைக்குத் தமிழில என்ன எழுதணும் மாமா?” என்றாள்.

“சடசட என்று எழுதலாம், அம்மா” என்றேன்.

சற்று நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “மழை பெய்யட்டும் மாமா, கேட்டுட்டுச் சொல்றேன்” என்றாள்.