வயதைச் சொல்லும் காகிதம்



பெங்களூர் ஸ்ரீராமபுரத்தில் ஒரு தாய் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் மகன் ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்கிறான். தெரிந்த ஆள் ஒருவன் அவனிடம் ஒரு பையைக் கொடுக்கிறான். "கலாசிபாளையத்தில் கொடுத்துவிட்டு வா. நூறு ரூபாய் தருகிறேன்" என்கிறான். வழியில் போலீஸ் பிடிக்கிறது. பைக்குள் நாட்டுத் துப்பாக்கி!

இந்தியாவில் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேண்டும். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் அப்படிச் சொல்கிறது. உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் ஜெயில்தான்.

ஆனால் பையனுக்கு வயது என்ன? அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

18 வயது ஆகவில்லை என்றால் சட்டமே வேறு. அது 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம். பையனை லாக்கப்பில் அடைக்கக் கூடாது. விலங்கு மாட்டக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் கொண்டுபோக வேண்டும். அங்கே ஒரு மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூக சேவகர்களும் இருப்பார்கள். அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். பெரும்பாலும் ஜாமீன் கிடைக்கும். கெட்ட கூட்டாளிகளிடமே திரும்பிப் போவான் என்று தோன்றினால் கூர்நோக்கு இல்லத்தில் வைப்பார்கள். அது ஜெயில் அல்ல.

16 வயது முடிந்தவன் கொலை போன்ற கொடிய குற்றம் செய்தால், பெரியவர்களைப் போல விசாரிக்கவும் இடம் உண்டு. அப்போதும் தூக்கு கிடையாது.

பையைக் கொடுத்தவன் தப்ப முடியுமா? குற்றத்துக்குப் பிள்ளையைப் பயன்படுத்தும் பெரியவருக்கு 7 ஆண்டு வரை கடுங்காவல். 5 லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு.

சரி, வயதை எப்படிக் காட்டுவது? முதலில் பள்ளிச் சான்றிதழ். அது இல்லாவிட்டால் மாநகராட்சி கொடுத்த பிறப்புச் சான்றிதழ். இரண்டும் இல்லாவிட்டால் எலும்பைப் படம் எடுத்துப் பார்ப்பார்கள்.

பல வீடுகளில் இங்கேதான் தவறு நடக்கிறது. சீக்கிரம் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க, ஒரு வயதைக் கூட்டிச் சொல்கிறார்கள். பொய்யான அந்தத் தேதிதான் சான்றிதழில் ஏறுகிறது. பதினேழு வயதுப் பிள்ளை காகிதத்தில் பதினெட்டு ஆகிவிடுகிறான். பாவம், அவனுக்கு அது தெரியாது.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று கலங்க வேண்டாம். பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் சட்ட உதவி இலவசம். போன் எண் 15100.

அந்தத் தாய் தகரப் பெட்டியைத் திறக்கிறார். மகனின் சான்றிதழை எடுக்கிறார். பிறந்த தேதியைத் தாமே எழுத்துக் கூட்டிப் படிக்கிறார். விரல் விட்டு எண்ணுகிறார். 17 வயதுதான்! இரண்டு நகல் எடுக்கிறார். ஸ்டேஷனுக்குப் போகிறார். "குழந்தைகளுக்கான போலீஸ் அதிகாரி யார்?" என்று கேட்கிறார். நகலைக் கொடுக்கிறார். அசல் அவர் கையிலேயே இருக்கிறது.