உதிர்ந்த நெற்று
(மகாவீர் ஜயந்தி விழாவில் ஆற்றிய உரை)

 

வந்தவாசிப் பகுதியில் பிறந்த நான், பணியின் பொருட்டுச் சில ஆண்டுகள் காங்கேயத்தில் வாழ்ந்தேன். கொங்கு நாடு நமக்கு அயல்நாடன்று. விசயமங்கலத்தில் சந்திரப்பிரப தீர்த்தங்கரர் கோயில் இன்றும் நிற்கிறது. நன்னூல் அருளிய பவணந்தி முனிவரைச் சீனாபுரத்தார் தம் ஊரினர் எனப் போற்றுகின்றனர். ஆயினும், அந்நாட்டில் எனக்கு ஒரு விரதத்தின் பொருளை உணர்த்தியது ஒரு வெள்வேல மரமே.

காங்கேயம் மழை குறைந்த பூமி. அங்கே கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்கள் உள்ளன. சுற்றிலும் கிளுவை உயிர்வேலி. தரையில் கொழுக்கட்டைப் புல். இடையிடையே வெள்வேல மரங்கள். புகழ்பெற்ற காங்கேயம் மாடுகள் வளர்வது இம்மூன்றின் துணையால்தான்.

ஒரே மரத்தை மாதம் ஒருமுறை, ஓராண்டு முழுவதும் படமெடுக்க விரும்பினேன். ஊருக்கு வெளியே ஒரு கொறங்காட்டில் தனித்து நின்ற மரத்தைத் தேர்ந்தேன். ஆவணி மாதம், வெளிறிய மஞ்சள் பூக்கள் நிறைந்திருந்தன. முதற்படம் எடுத்தபின், தாழ்ந்திருந்த ஒரு கிளை பின்னணியிலிருந்த வானத்தை மறைப்பதாக எண்ணினேன். ஆடு மேய்ப்பவரிடம் அரிவாள் வாங்கி, அக்கிளையை நானே வெட்டினேன்.

நிலத்துக்குரிய பெரியவர் அதைப் பார்த்துவிட்டார். சினந்து பேசவில்லை. "ஏனுங்க, மரந்தான் நகர முடியாதுங்க, நீங்க ரண்டடி தள்ளி நின்னிருக்கலாமுங்களே?" என்று மட்டும் கேட்டார். எனக்கு மறுமொழி இல்லை.

பின்னர் மாதந்தோறும் சென்றேன். ஐப்பசி மழையில் மரத்தடியில் புல் எழுந்தது. மாசியில் இலை குறைந்து, வெண்பட்டை வெயிலில் ஒளிர்ந்தது. சித்திரையில், புல் கருகிய காலத்தில், முற்றிய நெற்றுகள் தாமே உதிர்ந்தன. ஆடுகளும் மாடுகளும் அவற்றைத் தின்று பசியாறின. விதைகளோ சாணத்தோடும் புழுக்கையோடும் மண்ணுக்கே திரும்பின. கொடுப்பதிலும் மரத்துக்கு இழப்பில்லை, கொள்பவர்க்கும் பழியில்லை. ஆனால் முதற்படம் தவிர, எஞ்சிய பதினொரு படங்களிலும் வெட்டுத்தழும்பு தெரிகிறது. பருவங்களைப் பதிவு செய்யச் சென்றவன் என் பிழையையே பதிவு செய்து வந்தேன்.

சிறுவயதில் கேட்ட லேசியைக் கதை அப்போது நினைவுக்கு வந்தது. பசித்த அறுவர் கனி நிறைந்த நாவல் மரத்தைக் கண்டனர். ஒருவன் வேரோடு சாய்க்க எண்ணினான். அடுத்தவன் அடிமரத்தை வெட்ட, மூன்றாமவன் பெருங்கிளையை, நான்காமவன் சிறுகிளையை முறிக்க, ஐந்தாமவன் கனியை மட்டும் பறிக்க எண்ணினான். ஆறாமவனோ உதிர்ந்து கிடப்பதே போதும் என்றான். அவனுடையது வெண்ணிறமான சுக்கில லேசியை. அந்த அறுவரும் பசியுடையவர். எனக்கோ பசியும் இல்லை!

மரம் தொடுவுணர்வு ஒன்றே உடைய ஓரறிவுயிர் என்பது நம் ஆகமம். இல்லறத்தார் அவ்வுயிர்களுக்கு ஊறு செய்வதை முற்றிலும் தவிர்த்தல் அரிது. உணவுக்கும் உறையுளுக்கும் அவற்றைச் சார்ந்தே வாழ்கிறோம். அதனாலன்றோ பன்னிரு விரதங்களுள் அநர்த்த தண்ட விரதம் தனியே வைக்கப்பட்டது? பயனின்றிச் செடிகொடிகளைச் சிதைத்தலை அது விலக்குகிறது. அந்த விரதத்தின் பெயரை நான் பலமுறை ஓதியதுண்டு. பொருளை அந்தப் பெரியவரின் கேள்வியில்தான் உணர்ந்தேன்.

ஆதிநாதர் ஆலமரத்தடியிலும் மகாவீரர் சால மரத்தடியிலும் கேவலஞானம் எய்தினர். அருகப்பெருமானுக்கு அசோக மரம் நிழல் செய்கிறது. அம்மரங்களை வணங்கும் நாம், வீட்டு வாயிலில் நிற்கும் வேம்பை வாகனம் நிறுத்த இடையூறு என்று வெட்டலாமா? விளம்பரப் பலகைக்காக மரத்தில் ஆணி அறையலாமா? அரிவாளை எடுக்குமுன், நாம் இரண்டடி தள்ளி நிற்க இயலுமா என்று நம்மையே கேட்போம்.

அப்படங்களுள் சித்திரைப் படத்தை மட்டும் வீட்டில் மாட்டியுள்ளேன். கீழே உதிர்ந்த நெற்றுகள். மேலே அந்தத் தழும்பு. இரண்டும் எனக்கு வேண்டும்.

அனைத்துயிரும் இன்புறுக! அகிம்சை அறம் ஓங்குக!