கூலியும் கஜானாவும்

வறுமைதான் துப்பாக்கியைத் தூக்க வைக்கிறது, நாட்டுக்குள் பணம் புழங்கினால் சண்டை தானாக அடங்கும் என்று பலர் நம்புகிறோம். தென் அமெரிக்காவின் கொலம்பியா இந்த நம்பிக்கையைப் பாதிதான் ஒப்புக்கொள்கிறது. கெரில்லாக்களும் அரசு சாராத துணைராணுவக் குழுக்களும் அரசுப் படையும் அரை நூற்றாண்டுக்கு மேல் மோதிய நாடு அது. அங்கே காப்பியும் விளைகிறது, எண்ணெயும் கிடைக்கிறது. இவற்றின் விலை ஏறி இறங்கியபோது ஊர்களில் என்ன நடந்தது என்று ஒயிந்திரிலா துபே, ஹுவான் வர்காஸ் என்ற இரு பொருளியலாளர்கள் ஆராய்ந்து 2013-ல் எழுதினார்கள்.

கொலம்பியாவில் காப்பி பெரும்பாலும் செங்குத்தான மலைச்சரிவில் விளைவது. எந்திரம் ஏறாது. இடுப்பில் கூடையைக் கட்டிக்கொண்டு, காயை விட்டுவிட்டுப் பழுத்ததை மட்டும் கையால் பறிக்க வேண்டும். நிறுத்துப் பார்த்து எடைக்குக் கூலி. அதனால் உலகச் சந்தையில் விலை சரிந்தால் அந்தக் கூலியிலும் அடி விழுகிறது. 1989-ல் விலையைத் தாங்கிய சர்வதேச காப்பி ஒப்பந்தத்தின் கோட்டா முறை முறிந்து விலை சரிந்தது. 1990-களின் இறுதியில் வியட்நாமும் பிரேசிலும் விளைச்சலைப் பெருக்க, விலை மறுபடியும் விழுந்தது. காப்பி ஊர்களில் வன்முறை மற்ற ஊர்களைவிட அதிகமாயிற்று. கூலி குறைந்த இளைஞனுக்கு ஆயுதக் குழு தரும் சம்பளம் பெரிதாகத் தெரியும் என்பதுதான் ஆய்வாளர்களின் விளக்கம். எண்ணெயில் கதை நேர் எதிர். விலை ஏற ஏற எண்ணெய் ஊர்களில் துணைராணுவக் குழுக்களின் தாக்குதல் கூடியது, அரசியல்வாதிகளைக் கடத்துவது கூடியது. எண்ணெய்க் கிணற்றுக்குக் கொஞ்சம் ஆட்களே போதும். ராயல்டிப் பணம் கூலியாகப் பரவாமல் நகராட்சிக் கஜானாவில் மொத்தமாக வந்து விழுந்தது. மேயரை மிரட்டினால் கஜானா கைக்கு வந்துவிடும்.

சண்டையே காப்பித் தொழிலைக் கெடுத்து உலக விலையை மாற்றியிருக்கலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, கொலம்பியாவே பெரிய காப்பி நாடாயிற்றே. அதனால் ஆய்வாளர்கள் அந்தச் சண்டை தொடாத பிரேசில், வியட்நாம் போன்ற மற்ற நாடுகளின் ஏற்றுமதி அளவை வைத்தும் கணக்குப் போட்டார்கள், முடிவு மாறவில்லை. கஜானாப் பணம் தாக்குதலை இழுக்கிறது என்றால் கலவரப் பகுதியில் அரசு செலவே செய்யக்கூடாதா? அதை நான் ஏற்கமாட்டேன். உண்மைதான், பிலிப்பைன்ஸில் சாலை, பள்ளிக்கூடம் போன்ற கிராமப் பணிகளுக்கான திட்டம் அதற்குத் தகுதி பெற்ற நகராட்சிகளில் மோதலை அதிகமாக்கியது. திட்டம் வெற்றி பெற்றால் மக்கள் அரசின் பக்கம் சாய்வார்கள் என்று கிளர்ச்சிக் குழுக்கள் அஞ்சியதே காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். ஆனால் அதே நாட்டில் ஏழைக் குடும்பங்களின் கையில் நேரடியாகப் பணம் கொடுத்த திட்டம் மோதலைக் குறைத்தது. செலவு செய்யத்தான் வேண்டும். ஆனால் பணம் எந்த வழியாகப் போகிறது, வழியில் யார் மறிக்க முடியும் என்பதை முதலில் பார்க்க வேண்டும். விலை சரியும் ஆண்டில் பறிப்பவரின் கூலியைத் தாங்கிப் பிடிப்பதும், ராயல்டிக் கணக்கை ஊரறிய வைப்பதும் பாதுகாப்புச் செலவுதான். கொலம்பியாவில் அரசும் ஒரு கெரில்லாக் குழுவும் செய்துகொண்ட 2016 சமாதான ஒப்பந்தத்தின் முதல் அத்தியாயமே கிராமப்புறச் சீர்திருத்தம், நிலமில்லாதவர்களுக்கு நிலம் என்பதுதான். துப்பாக்கிகளை ஒப்படைக்கும் வேலை மறு ஆண்டே முடிந்துவிட்டது; நிலம் கைமாறும் வேலை அதைவிட மிக மெதுவாகவே நகர்ந்தது.